பதினேழாம் இடம்

அந்தச் சிறார் இல்லத்தின் துணைக் கண்காணிப்பாளருக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் பூட்டு மேடம். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். கையில் குச்சி கிடையாது, வாய் உண்டு. அந்த வாய் திறந்தால் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறவன்கூடக் குழாயை மூடிவிட்டு, நம்மைத்தானோ என்று ஒரு நிமிடம் யோசிப்பான். ஆனால் ஒரு பையன் மீதும் அவள் கை வைத்ததில்லை, யாரையும் வைக்க விட்டதும் இல்லை. அதனால் அவளைத் திட்டுவதிலும் பையன்களுக்கு ஓர் உரிமை இருந்தது.

பூட்டு மேடம் என்ற பெயர் சும்மா வரவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் சுவரேறித் தப்பித்துவிட்டான். ஓடினதுகூட அவளுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. மாலை எண்ணிக்கையில் அவனுடைய கூட்டாளி குரலை மாற்றி அவன் எண்ணையும் சேர்த்துச் சொல்லி, விடியும்வரை எல்லோர் காதிலும் பூச்சுற்றினான் பாருங்கள், அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே சட்டம் போட்டாள். முற்றத்து வரிசையில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம், ஓர் எண். தன் எண்ணைத் தானே சொல்ல வேண்டும். முன்னால் நிற்பவன் சொல்லாமல் பின்னால் நிற்பவன் வாய் திறக்கக் கூடாது. எவனாவது கழிவறையில் உட்கார்ந்திருந்தால் அவன் வந்து சேரும்வரை மொத்த வரிசையும் வெயிலோ மழையோ அப்படியே நிற்க வேண்டியதுதான். முதலில் முணுமுணுத்தார்கள். போகப் போக அது அவர்கள் நாக்கிலேயே ஏறிவிட்டது. எண்ணிக்கை என்று எவன் விளையாட்டாகக் கத்தினாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன்கூட வாயில் சோற்றோடு தன் எண்ணைச் சொல்வான்.

இரண்டாவது சட்டம் வண்டிக்கு. ஊருக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னோர் இல்லம் இருந்தது. அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் பையன்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த வண்டியின் பின்கதவுக்கு அவளே கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கனத்த பூட்டு வாங்கி வந்தாள். அதற்கு இரண்டே சாவி. ஒன்று இந்த இல்லத்தில், மற்றது அந்த இல்லத்தில். அனுப்புகிறவர்கள் பூட்டுவார்கள், பெற்றுக்கொள்கிறவர்கள் திறப்பார்கள். வழியில் வண்டியில் இருக்கும் யாரிடமும் சாவி இருக்காது. பையன்கள் கூட்டமாக மேலே விழுந்தாலும் பிடுங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. மேலிடத்தில் பாராட்டினார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

பிறகு நோய் வந்தது. ஊர் உலகமெல்லாம் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தது. ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆறடி! இந்தப் பையன்கள் படுக்கும் கூடத்தில் ஒருவன் புரண்டு படுத்தால் அடுத்தவன் மூக்கில் முழங்கை இடிக்கும். மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான், அதைக் குறை சொல்வதற்கில்லை. எந்த இல்லத்திலும் பாதிக்கு மேல் ஆள் இருக்கக் கூடாது. சின்ன வழக்குகளில் வந்தவர்களைப் பெற்றவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் அதிகாரி ஒருவர் வந்து தலையை எண்ணிப் பார்ப்பார்.

கண்காணிப்பாளருக்குப் பையன்கள் வைத்த பெயர் இஸ்திரி. சட்டையில் போட்ட மடிப்பு சாயங்காலம்வரை கலையாத மனிதர். கலைந்துவிடுமோ என்று பயந்தே வேலை செய்யாதவர். பையன்களை வீட்டுக்கு அனுப்புவது என்றால் லேசா? வீடு வீடாக ஃபோன் போட வேண்டும், விடுவிப்பதை முடிவு செய்யும் குழுவைக் கூட்ட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். போனவன் நாளைக்கு மறுபடி எங்காவது கையை வைத்தால், போட்ட கையெழுத்து திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். கையெழுத்து என்றாலே இஸ்திரிக்குக் காய்ச்சல் வரும். எனவே வேலை செய்வதற்குப் பதிலாக மூளையைச் செலவழித்தார்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். அதிகாரி எண்ண வரும் காலையில், அதிகப்படியான பையன்களை இடமாற்றம் என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிடுவது. வண்டி அந்த இல்லத்தை நோக்கிக் கிளம்பும். ஆனால் போய்ச் சேராது. புறவழிச் சாலையில் ஒரு சுற்று, மூடிக் கிடந்த சந்தைக்குப் பின்னால் கொஞ்ச நேரம், அதிகாரி போய்விட்டார் என்று ஃபோன் வந்ததும் வீடு திரும்பல். வண்டியில் இருப்பவர்கள் கிளம்பிவிட்டதால் இங்கே கணக்கில் இல்லை, போய்ச் சேராததால் அங்கேயும் கணக்கில் இல்லை. அந்த இல்லத்துக் கண்காணிப்பாளரும் இவருடைய கூட்டுக்களவாணி, அங்கேயும் இதே கூத்துதான். நெரிசலைக் குறைக்கச் சொன்னார்கள் என்பதற்காக, பிள்ளைகளை ஒரு தகரப் பெட்டிக்குள் ஒருவன் விட்ட மூச்சை அடுத்தவன் இழுக்கும்படி அடைத்து ஊர்வலம் விட்டார்கள். இதைச் செய்ய ஒரு படிப்பு, ஒரு பதவி, மாதமானால் ஒரு சம்பளம்.

இஸ்திரி முதல் தடவை இதைச் சொன்னபோது பூட்டு மேடம் காட்டுக் கத்தல் கத்தினாள். அவர் அசையவில்லை. ஒரு வாரம்தான், அதற்குள் குழுவைக் கூட்டிவிடலாம், இப்போது கணக்கு இடித்தால் உங்களையும் சேர்த்துத்தான் விளக்கம் கேட்பார்கள் என்றார். உங்களை விட்டால் நான் யாரை நம்பி அனுப்புவது என்று ஒரு வார்த்தையும் சேர்த்துப் போட்டார். அந்த வார்த்தையில் அவள் கொஞ்சம் குளிர்ந்துவிட்டாள் என்பதுதான் உண்மை. கத்தினாளே தவிர, வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மூன்று வாரம் உட்கார்ந்தாள். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த வாக்கியத்தை முதன்முதலில் சொன்னவன் எவனோ, அவனைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும்.

வண்டிக்குப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் சத்தம் போடாத பையன்கள். சொன்னால் கேட்கிறவன் தலையில்தான் எப்போதும் விடிகிறது. வரிசையில் பதினேழாம் இடத்தில் நிற்கும் விசிலும் அதில் ஒருவன். தூங்கும்போது அவன் நெஞ்சிலிருந்து மெல்லிசாக ஒரு விசில் சத்தம் வரும், அதனால் அந்தப் பெயர். பிறந்ததிலிருந்தே இழுப்பு. பேருந்தில் பக்கத்தில் இருந்தவரின் செல்ஃபோனை எடுத்துவிட்டு, எடுத்த பயத்தில் இறங்கத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்து மாட்டிக்கொண்டவன். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். திருடத் தெரியாததற்கே அவனுக்கு விடுதலை கொடுத்திருக்கலாம். உத்தரவுப்படி பார்த்தால் முதல் ஆளாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவனும் அவன்தான்.

அவன் அம்மா தையற்காரி. அந்த நாட்களில் முகக்கவசமாகத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். பையன்களைப் பார்க்கப் பெற்றவர்களை விடுவதில்லை என்று அறிவித்த பிறகும், மகனுக்கு மூச்சு வாங்கும்போது வாயில் வைத்து அழுத்துகிற மருந்தை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். மருந்தைப் பையன்கள் கையில் கொடுக்கக் கூடாது என்பது இல்லத்து விதி. அது அலுவலக அலமாரிக்குள் போய்விடும். ஒரு நாள் அவள் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், சின்ன கேஸ்ல இருக்கிற பசங்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்களாமே. இவனை எங்கிட்ட குடுத்துடுங்க. இழுப்பு வந்தா எப்படி உக்கார வைக்கணும், எங்க தடவணும்னு எனக்குத்தான் தெரியும்."

"வெளியிலதாம்மா நோய் சுத்துது," என்றாள் பூட்டு மேடம். "உள்ள இருக்கிற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு."

அந்த அம்மா அவளை நம்பிக் கம்பியை விட்டுவிட்டாள். போகும்போது இரண்டு முகக்கவசம் கொடுத்துவிட்டுப் போனாள், ஒன்று மகனுக்கு, ஒன்று மேடத்துக்கு.

நான்காவது வாரம் வெயில் பொழுது விடியும்போதே ஏறிக்கொண்டது. அன்றைக்கும் வண்டி தயாரானது. வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பின்பக்கத்துச் சன்னல் தகடுகளை இறக்கியிருந்தார்கள். பையன்களின் மூச்சு ஓட்டுநர்மேல் படக் கூடாது என்று முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருந்த கம்பி வலைமேல் கனத்த பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகி முடுக்கியிருந்தார்கள். பையன்கள் ஏறினார்கள். இஸ்திரி தன் கையாலேயே பூட்டினார். விசிலின் மருந்தை எடுத்துக்கொள்கிறேன், அலமாரியைத் திறங்கள் என்று பூட்டு மேடம் கேட்டாள். அதிகாரியின் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது என்று காவலாளி கை காட்டினான். ஒரு மணி நேரத்தில் வந்துவிடப் போகிறவனுக்கு மருந்து எதற்கு என்று இஸ்திரி அவளை வண்டிக்குள் விரட்டாத குறையாக ஏற்றிவிட்டார். அவளும் ஏறினாள்.

சந்தைக்குப் பின்னால் வண்டி நின்று கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பின்னாலிருந்து தகரத்தை யாரோ தட்டினார்கள். பையன்கள் டிரைவர் மாமா என்று கூப்பிடும் ஓட்டுநர், வழக்கமான சேட்டை என்று நினைத்து அதட்டினார். தட்டுவது நிற்கவில்லை. அவர் இறங்கிப் போய் ஒரு சன்னல் தகட்டைத் தூக்கினார். பதினெட்டாம் இடத்துப் பையனின் முகம் கம்பியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"மாமா, விசிலுக்கு இழுக்குது. மேடத்தைக் கூப்பிடுங்க."

பூட்டு மேடம் ஓடிவந்து பார்த்தாள். விசில் தரையில் உட்கார்ந்து, முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். அந்த விசில் சத்தம் வெளியே கேட்டது. அவன் அம்மா தைத்துக் கொடுத்த முகக்கவசம் கழுத்தில் கிடந்தது. பையன்கள் தாங்களாகவே ஒதுங்கி அவனைச் சுற்றி இடம் விட முயன்றார்கள். ஒதுங்குவதற்குத்தான் உள்ளே இடம் இல்லை.

அவள் இஸ்திரிக்கு ஃபோன் போட்டாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அவர் அதைத் துண்டித்தார். மூன்றாவது தடவை ஃபோனை அணைத்தே வைத்துவிட்டார். டிரைவர் மாமா ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்து பூட்டின்மேல் அடித்தார். பூட்டு மேடம் கண்ணை மூடிக்கொண்டு, உடையட்டும், உடையட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கம்பி வளைந்து அவர் கையைக் கிழித்தது. பூட்டில் கீறல்தான் விழுந்தது.

"நல்ல பூட்டு மேடம்," என்றார் டிரைவர் மாமா, கையை உதறிக்கொண்டே. அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தியது.

மருத்துவமனை ஊரின் மறுகோடியில் இருந்தது. இல்லம் பக்கத்தில்தான். சாவியும் அங்கே, மருந்தும் அங்கே. இல்லத்துக்கு விடச் சொன்னாள். டிரைவர் மாமா அந்த வண்டியை அதன் வாழ்நாளில் போகாத வேகத்தில் ஓட்டினார்.

வாசல் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. காவலாளி சின்னத் திட்டிவாசலைத் திறந்து கண்ணை மட்டும் காட்டினான். ஆபீசர் போகும்வரை கதவைத் திறந்தால் வேலை போய்விடும் என்று ஐயா சொல்லியிருக்கிறாராம். பூட்டு மேடம் அவனை என்னென்ன சொல்லித் திட்டினாள் என்பதை இங்கே எழுத முடியாது. அவன் தலையைக் குனிந்துகொண்டானே தவிரத் தாழை நீக்கவில்லை. டிரைவர் மாமா ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. கடைசியில் திட்டிவாசலில் அதிகாரியின் முகம் வந்தது. இரண்டு முகக்கவசம், அதற்குமேல் ஒரு கண்ணாடித் தடுப்பு. பின்னாலேயே மடிப்புக் கலையாமல் இஸ்திரி.

காலி வண்டி, பணிமனைக்குப் போகிறது, ஹாரன் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்றார் இஸ்திரி. வண்டிக்குள் ஒரு பையனுக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது என்று பூட்டு மேடம் கத்தினாள். உடனே இஸ்திரி, ஆமாம், ஆமாம், அது அந்த இல்லத்துப் பையன்கள், இங்கே இறக்கினால் நோய் இங்கேயும் பரவிவிடும், பூட்டின் இன்னொரு சாவி அங்கேயே இருக்கிறது என்று கதையை மாற்றினார். ஒரே மூச்சில் இரண்டு பொய். அந்த மூச்சில் ஒரு துளி இல்லாமல்தான் ஒருவன் தகரத்துக்குள் தவித்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி கெட்டவர் இல்லை. சீக்கிரம் போய்விட வேண்டும் என்று நினைத்தவர், அவ்வளவுதான். நம்பினால் வேலை முடியும், எனவே நம்பினார்.

"அப்ப அங்கேயே கொண்டு போங்க மேடம்," என்றார். "அங்கதான் இன்னொரு சாவி இருக்குன்னு சொல்றாரே."

பூட்டு மேடம் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள். தினமும் காலையும் மாலையும் முற்றத்தில் கத்துகிற அதே குரலில், மதிலைத் தாண்டிக் கேட்கும்படி கத்தினாள்.

"எண்ணிக்கை!"

முதலாம் இடத்துப் பையன் வண்டியில் இல்லை, உள்ளே முற்றத்தில் இருந்தான். அதிகாரி முன்னால் வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று இஸ்திரி காலையிலேயே அவர்களை மிரட்டி வைத்திருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போச்சு என்று அவள் நினைத்த நேரத்தில், கட்டைக் குரல் ஒன்று எழும்பியது.

"ஒண்ணு."

"ரெண்டு" என்றான் முற்றத்திலிருந்து இன்னொருவன். "மூணு" என்ற சத்தம் வண்டிக்குள்ளிருந்து வந்தது. நாலும் ஐந்தும் முற்றத்திலிருந்து. ஆறு வண்டியிலிருந்து. அப்புறம் தயக்கமே இல்லை. உள்ளே ஒன்று, வெளியே இரண்டு என்று மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடின. அந்த இல்லத்துப் பையன்கள் என்று சொன்னாரே, அவர்களுக்கு இந்த வரிசையில் இடம் எப்படி வந்தது? அதிகாரி இஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். இஸ்திரி தன் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு" என்றது முற்றம். "பதினாறு" என்றது வண்டி.

அவ்வளவுதான். எண்ணிக்கை நின்றுவிட்டது.

வண்டிக்குள் யாரோ, சொல்லுடா, சொல்லுடா என்று கெஞ்சுவது கேட்டது. அது பதினெட்டின் குரல். முற்றத்தில் பத்தொன்பது இருந்தான், இருபது இருந்தான், யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் திறக்க மாட்டார்கள் என்று பூட்டு மேடத்துக்குத் தெரியும்.

"ஏன் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"பதினேழால பேச முடியல சார். அவன் சொல்லாம அடுத்தவன் சொல்ல மாட்டான். நான் போட்ட சட்டம்," என்றாள். "அந்தச் சாவியை வாங்கிக் குடுங்க."

சாவி இஸ்திரியின் சட்டைப் பையிலேயே இருந்தது. இவ்வளவு நேரமும், இத்தனை பேச்சுக்கும், மடிப்புக்குள்ளேயே இருந்தது. அதிகாரி கை நீட்டியதும் எடுத்துக் கொடுத்தார்.

கதவு திறந்தபோது விசிலின் தலை பதினெட்டின் மடியில் கிடந்தது. அலமாரியிலிருந்து மருந்தை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். பூட்டு மேடம் அவன் வாயில் வைத்து அழுத்தினாள். மருந்துப் புகை உள்ளே போகவில்லை, உதட்டோரமாக வெளியே வந்துவிட்டது. மறுபடியும் அழுத்தினாள். அதிகாரியின் காரில் ஏற்றலாமா என்று டிரைவர் மாமா கேட்டார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றார் அதிகாரி. அந்த வண்டியிலேயே, பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, மருத்துவமனைக்குப் போனார்கள். வழி நெடுக அவள் அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். எங்கே தடவ வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. மருத்துவர் வெளியே வந்து, கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றார்.

அவன் எங்கே செத்தான் என்று ஒரு கேள்வி பிறகு வந்தது. இந்த இல்லத்தில் இல்லை, இடமாற்றத்தில் கிளம்பிவிட்டான். அந்த இல்லத்தில் இல்லை, போய்ச் சேரவே இல்லை. ஆக, அவன் எந்த இல்லத்தின் கணக்கிலும் சாகவில்லை. நோய்க்காலம் முழுவதும் ஓர் உயிர்கூடப் போகாமல் பார்த்துக்கொண்ட இல்லங்கள் என்று இரண்டையும் மேலிடத்தில் மெச்சிக்கொண்டார்கள். மதிலின் இரு பக்கமும் எண்ணைத் தன் காதால் கேட்ட அதிகாரி, தான் எண்ணியது கட்டிடத்துக்குள் இருந்தவர்களை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். அதுவும் பொய்யில்லை, பாருங்கள். விசாரணையில் பூட்டு மேடம் நடந்ததை நடந்தபடி கத்திச் சொன்னாள், மூன்று வாரம் தானும் கூடப் போனதையும் சேர்த்து. அனுமதியில்லாமல் வண்டியைத் திருப்பியது, அதிகாரியின் பணிக்கு இடையூறு செய்தது, அரசுக்குச் சொந்தமான பூட்டைச் சேதப்படுத்தியது என்று அவளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கினார்கள். பூட்டில் இரண்டு கீறல் இருந்தது உண்மைதான். இஸ்திரி அதே நாற்காலியில், அதே மடிப்போடு உட்கார்ந்திருந்தார்.

விசிலின் அம்மா இந்த வாசலுக்கு வந்து, என் பையன் எந்த இடத்தில் செத்தான் என்று காட்டுங்கள், அது போதும் என்றாள். அந்த இல்லத்தில் கேளுங்கள் என்று அனுப்பினார்கள். அங்கே போனாள். இங்கே கேட்கச் சொன்னார்கள். அவளையும் மகன் போன பாதையிலேயே அலையவிட்டார்கள். நாலைந்து நாளாக அவள் இப்படி நடப்பதை டிரைவர் மாமா வந்து சொன்னபோது, பூட்டு மேடம் வீட்டில் கையில் எடுத்த தட்டை அப்படியே வைத்தாள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். செய்தி வந்த மாலையில் எண்ணிக்கை பதினாறோடு நின்றுவிட்டதாம். எல்லோரும் ஓர் இடம் முன்னால் நகருங்கள், இனிமேல் பதினெட்டுதான் பதினேழு என்றாராம் இஸ்திரி. ஒருவனும் நகரவில்லை. வெயிலில் நிறுத்திப் பார்த்தார், விளையாட்டை நிறுத்திப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். பதினாறு சொன்ன பிறகு ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் சும்மா நிற்கிறார்கள், பிறகுதான் பதினெட்டு வாயைத் திறக்கிறான். இப்போது இஸ்திரியே கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டாராம்.

மறுநாள் காலை பூட்டு மேடம் அந்தத் தையற்காரியைத் தேடிப் பிடித்து, கையைப் பிடித்து, இல்லத்தின் பின்பக்கத்து மதிலோரம் கூட்டிவந்தாள். உள்ளே விட மாட்டார்கள். அவள் இடுப்பில் சாவிக்கொத்தும் இல்லை. மதிலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த ஒற்றையடி இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். இதைக் கேட்டால் அந்த அம்மாவுக்கு மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்துத்தான் கூட்டிவந்தாள். அவளுக்கு வேறு எதுவும் கொடுக்க இல்லை.

உள்ளே எண்ணிக்கை தொடங்கியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. கட்டைக் குரலும் கீச்சுக் குரலுமாக எண்கள் ஏறின. பதினாறு என்றான் ஒருவன். அப்புறம் சத்தமில்லை. மதிலின் இந்தப் பக்கம் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பதினெட்டு என்ற குரல் கேட்டது.

"நடுவுல ஏன் நின்னுச்சு?"

"அது உங்க பையன் இடம்மா," என்றாள் பூட்டு மேடம். "யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேங்கிறாங்க. அப்படியே வச்சிருக்காங்க."

அந்த அம்மா மதிலில் கையை வைத்தாள். அழவில்லை. பிறகு திரும்பிப் பூட்டு மேடத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இப்ப அவனுக்கு இடம் இருக்கு," என்றாள். "அன்னைக்கு இடம் இல்லேன்னுதானே மேடம் வண்டியில ஏத்தினீங்க?"

பூட்டு மேடத்தின் கை, சாவிக்கொத்து இல்லாத இடுப்புக்குப் போயிற்று. உள்ளே எண்ணிக்கை முடிந்து, பையன்களைக் கலைந்து போகச் சொன்னார்கள்.